ஹீலியக் கோடுகளை எவ்வளவு நம்பலாம்?

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாகச் சென்றது. பிரெஞ்சு வானியலாளரான ஜான்சன் ஆங்கிலேயர் ஆண்ட குண்டூரில் போய் முகாமிட்டார்! சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியச் சுவாலைகளில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு ஒட்டவில்லை. 5876 ஆங்ஸ்ட்ராமில் விழும் அந்தக் கோடுதான் பின்னாளில் ஹீலியத்தின் அடையாளமானது.

எரிந்து தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெண்குறுமீன்களை வகைப்படுத்தவும் இன்று அதே ஹீலியக் கோடுகள்தான் உதவுகின்றன. அவற்றில் ஹைட்ரஜன் கோடுகள் இன்றி ஹீலியக் கோடுகள் மட்டும் தெரிந்தால் அது 'டிபி' வகை. கோட்டின் ஆழமும் அகலமும் வெப்பநிலையையும் ஈர்ப்பையும் சொல்லும். ஹீலிய உறை ஒளியை எளிதில் விடுவதால் துளி உலோகமும் தெரியும். 1917இல் வான் மானன் என்ற வெண்குறுமீனின் நிறமாலையில் பதிவான கால்சியம், சிதைந்த பாறைக்கோளின் எச்சம் என்று பல பத்தாண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. இந்த முறையின் ஆகப்பெரிய பெருமை இதுவே.

ஆனால் அதே இடத்தில்தான் தடுமாற்றமும். ஹைட்ரஜன் உறையில் சில நாட்களிலேயே அமிழ்ந்துவிடக்கூடிய உலோகம், ஹீலிய உறையில் பல லட்சம் ஆண்டுகள் தங்கும். பாறை இன்னும் விழுகிறதா, எப்போதோ விழுந்ததா என்பதைக் கோடு சொல்லாது.

வெப்பநிலைக் கணக்கிலும் இடறல் உண்டு. சுமார் 25,000 கெல்வினில் ஹீலியக் கோடுகள் உச்சம் தொடும். அதற்கு இருபுறமும் உள்ள இரு வெப்பநிலைகள் ஏறக்குறைய ஒரே நிறமாலையைத் தரும். ஏறத்தாழ 16,000 கெல்வினுக்குக் கீழே, அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குவதால் கோடு அகல்வதைக் கணிக்கும் கோட்பாடு பலவீனம். ஈர்ப்பு மிகையாக வரும். 11,000ஐ ஒட்டிக் கோடுகளே மறையும். ஹீலியம் மட்டும் அங்கேயே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிறிதளவு ஹைட்ரஜன், வெப்பமான மீன்களில் விடையைச் சில ஆயிரம் கெல்வின் நகர்த்திவிடும். கோடு இல்லாததைத் தனிமம் இல்லாததாக எடுத்துக்கொள்வதே இங்கு அடிக்கடி நேரும் பிழை.

நிறமாலை எட்டுவது மேல்தோலை மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய, 1990இல் ஜிடி 358 என்ற டிபி வெண்குறுமீனின் ஒளித்துடிப்பைப் பல நாட்டு ஆய்வகங்கள் இடைவிடாமல் தொடர்ந்தன. இஸ்ரோவின் மாரார், சீதா, அசோகா ஆகியோரும் சேர்ந்திருந்தனர். நிறை சூரியனில் 0.61 பங்கு என்று கிடைத்தது, உள்ளடுக்குகளும் எட்டின. அதுவும் மாதிரிக் கணக்கை நம்பியதே. கையா விண்கலம் அளந்த தொலைவுகளோ கோட்டின் வடிவத்தைச் சாராமல் நிறையைச் சரிபார்க்க உதவுகின்றன.

ஹைட்ரஜன் அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்று எழுதாமல் 'டிபி' என்று மட்டும் குறிக்கும் அட்டவணையின் வெப்பநிலைகளை நான் பாதிதான் நம்புவேன்.