பட்டனை அழுத்தினால் எழும் மேசை

ஹைதராபாத் மாதாப்பூரில் எங்கள் ஆபீஸில் உயரம் மாற்றும் மின்மேசைகள் வந்திருக்கின்றன. வலது கை ஓரம், பலகைக்கு அடியில் ஒரு சின்ன பேனல். ஏற ஒன்று, இறங்க ஒன்று, உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ள மூன்று எனப் பட்டன்கள். முதல் எண்ணில் 72 சென்டிமீட்டரை வைத்திருக்கிறேன், உட்கார. இரண்டாவதில் 106, நிற்க. அழுத்தினால் மெல்லிய முனகலோடு பதினைந்து விநாடிக்குள் ஏறி நிற்கிறது. மேலே வைத்திருந்த இரானி டீ அலுங்கவில்லை.

இந்த ஊருக்கு இப்படி ஒரு மேசை அவசியம்தான். ஹைதராபாத் பல்கலைக்கழகமும் கச்சிபவுலி ஏஐஜி மருத்துவமனையும் சேர்ந்து இங்குள்ள ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2025இல் வெளியானது. அவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஈரலில் கொழுப்பு. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் அதற்கு ஒரு காரணம். படித்த அன்று எங்கள் வரிசையில் எல்லோருமே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

ஆனால் நின்றால் கொழுப்பு கரையும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கணக்குப்படி, 65 கிலோ எடையுள்ளவர் ஆறு மணி நேரம் உட்காராமல் நின்றால் கூடுதலாகச் செலவாவது 54 கலோரி. ஏறக்குறைய ஒரு இட்லி. எடை குறைய நடக்கத்தான் வேண்டும். மேசையின் பயன் வேறு. இடுப்பும் தோளும் ஒரே நிலையில் இறுகிப்போகாமல் அது பார்த்துக்கொள்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கிளையன்ட் கால்களை நான் நின்றபடியே பேசுகிறேன். தூக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பிழை தேடி புரோகிராம் கோடுக்குள் மூழ்கும் நேரத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். அரை மணிக்கொரு முறை மாறினால் கால் வலிப்பதில்லை. மணிக்கணக்கில் நின்றால் குதிகால் கடுக்கிறது.

நாள் முழுக்க நிற்பதும் கெடுதல்தான். தி.நகர் ஜவுளிக்கடைகளில் நின்றே வேலை பார்த்துக் கால் நரம்பு புடைத்துப்போன பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும். விற்பனையாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தையே திருத்தின. ஆபீஸுக்கு மேசை வாங்கும் நிர்வாகம், லாபியில் நிற்கும் செக்யூரிட்டிக்கு ஒரு நாற்காலியையும் அதே பில்லில் சேர்க்கட்டும்.

இனி குறைகள். எல்லோரும் மேசை எவ்வளவு உயரம் போகும் என்று கேட்கிறார்கள். நம்மூர் உடம்புக்கு முக்கியம், எவ்வளவு கீழே இறங்கும் என்பதுதான். பக்கத்து சீட்டில் தென்காசிப் பெண், ஐந்தடி உயரம். இறங்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே, “இன்னும் கொஞ்சம் இறங்குமாண்ணா?” என்றார். எங்கள் மேசை 71இல் நின்றுவிட்டது. அவருக்கு முழங்கை மடக்கி டைப் செய்ய அறுபது சொச்சம் போதும். நாற்காலியை ஏற்றினார், பாதம் தரையைத் தொடவில்லை. கடைசியில் கால் வைக்க ஒரு பலகை வாங்கவேண்டியதாயிற்று. மேசைக் கால் குழாய் இரண்டு அடுக்காக இருந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வரும். மூன்று அடுக்குக் குழாய் விலை கூடினாலும் நன்றாகக் கீழே இறங்கும், மேலேயும் கூடுதலாகப் போகும். குள்ளமானவர்கள் இருக்கும் ஆபீஸில் அந்தச் செலவைக் குறைக்கக் கூடாது.

அடுத்தது ஆட்டம். 110ஐத் தாண்டியதும் டைப் செய்யும்போது மானிட்டர் லேசாக நடுங்குகிறது. என் உயரத்துக்குத் தொல்லையில்லை, ஆறடிக்காரர்களுக்குக் கண் வலிக்கும். லேப்டாப்பை அப்படியே மேசையில் வைத்து நின்றால் கழுத்து குனிந்தேதான் இருக்கும். தனி கீபோர்டும் கண் மட்டத்தில் திரையும் இல்லாமல் இந்த மேசை வீண். மேசை ஏறும்போது மானிட்டர் கேபிள் இழுபடாமல் இருக்க, தரைவரை தாராளமாக நீளம் விட்டுக் கட்டவேண்டும். மோட்டார் வயரை யுபிஎஸ் பாயின்டில் செருகாமல் சாதாரண பாயின்டில் கொடுங்கள். கரண்ட் போனால் மேசை எந்த உயரத்தில் இருந்ததோ அங்கேயே நிற்கும், விழாது. மேசையின் இரண்டு கால்களும் ஏறுக்குமாறாக நின்றால், இறங்கும் பட்டனை அடிவரை விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேசை மட்டும் போதாது. இங்கிலாந்தின் லெஸ்டரில் மருத்துவமனை ஊழியர்களிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், ஓராண்டு முடிவில் இப்படி மேசை பெற்றவர்கள் வேலையில் உட்காரும் நேரம், பெறாதவர்களைவிட நாளுக்கு 83 நிமிடம் குறைவாக இருந்தது. அங்கே மேசையோடு பயிற்சியும் நினைவூட்டலும் சேர்ந்தே கொடுத்தார்கள். இங்கே மேசையைப் போட்டுவிட்டு அட்மின் போய்விடுகிறது. முதல் மாதம் ஏறி இறங்கிய பல மேசைகள் இப்போது 72இலேயே நிற்கின்றன. போனில் அலாரம் வைத்துக்கொண்டவர்கள்தான் தொடர்ந்து மாற்றுகிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் மேசையை அடிவரை இறக்கி, உட்கார்ந்து கையை வைத்துப் பாருங்கள். பிறகு நிற்கும் உயரத்துக்கு ஏற்றி நாலு வரி டைப் செய்து பாருங்கள். எல்லா சீட்டுக்கும் வாங்க முடியாத ஆபீஸ், வரிசைக்கு இரண்டு மேசையைப் பொதுவாகப் போடலாம். போன் கால் வந்தால் எழுந்துபோய் அங்கே நின்று பேசிவிட்டுத் திரும்பலாம். அந்த நடையும் உடம்புக்கு லாபம்தான்.