செம்பட்டையை அடக்கும் அவுரி

நரைக்கு மருதாணி மட்டும் பூசினால் முடி செம்பட்டையாகத்தான் நிற்கும். அதிலுள்ள லாசோன் என்ற சாயம் முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அலசினாலும் போகாது. அந்தச் சிவப்பின்மேல் இன்னும் கருமையை அப்புவதைவிட எதிர்நிறத்தைச் சேர்ப்பதே சரி. அவுரி இலைப்பொடி அதைத்தான் செய்கிறது. வெதுவெதுப்பான நீரில் குழைத்த பச்சை விழுதின் மேற்பரப்பில் சிறிது நேரத்தில் நீலம் படரும் அழகே தனி! அந்த நீலம் சிவப்போடு சேர்ந்தால் பழுப்பு.

அப்படியானால் அவுரி மட்டும் போதாதா? போதாது; வெறும் நரையில் அது நீலமோ பச்சையோ காட்டும். அடக்க வேண்டிய சிவப்புதான் பழுப்புக்கு அடித்தளம். கன்னங்கரேலென்று ஆகிவிடுமே என்ற அச்சமும் நியாயமானது. மருதாணியை அலசிவிட்டு அவுரியைத் தனியாகப் பூசினால் கருமைதான்; இரண்டையும் கலந்து பூசினால் பழுப்பிலேயே நிற்கும். முதல் நாள் பச்சை தட்டினால் பதற வேண்டாம், காற்றுப்பட்டு ஓரிரு நாளில் நிறம் ஆழ்ந்துவிடும்.