துய்ஷேனுக்குரிய கடன்: ‘முதல் ஆசிரியர்’ பற்றிய ஒரு நோக்கு

ஆசிரியத் தொழில் பற்றி நமது சமூகத்தில் இருவகைப் பேச்சுக்கள் வழங்குகின்றன. ஒன்று, அதனைப் புனிதப் பணியெனப் போற்றுவது; மற்றையது, சம்பளம், இடமாற்றம், பதவியுயர்வு ஆகியன பற்றிய முறைப்பாடு. முன்னையது பரிசளிப்பு விழா மேடைக்குரியது. பின்னையது ஆசிரியர் ஓய்வறைக்குரியது. இவ்விரண்டும் ஒரே சமூக உறவின் இரு முகங்கள் என்பதை உணர்த்தும் படைப்புக்கள் சிலவே. கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962 இல் வெளியிட்ட ‘முதல் ஆசிரியர்’ என்னும் குறுநாவல் அத்தகையது. மாஸ்கோவிலிருந்து வந்த தமிழாக்கத்தின் வாயிலாக நமது முற்போக்கு வாசகர் அறிந்த இந்நூலைத் தியாகத்தின் புகழுரையாக வாசிப்பது எளிது. அவ்வாசிப்புப் போதாது என்பதே நமது கருத்து.

1924 இல் படைவீரரின் மேலங்கியோடு குர்குரெவு கிராமத்துக்கு வந்துசேரும் துய்ஷேன், குன்றின்மீது பாழடைந்து கிடந்த குதிரைலாயமொன்றைத் தன் கைகளாலேயே பள்ளியாக்குகிறான். அவன் பயிற்சி பெற்ற ஆசிரியனல்லன். எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே தெரிந்தவன். பாடத்திட்டமுமில்லை, பாடநூலுமில்லை. தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கொத்திப் பிழைக்கும் தமக்குக் கல்வி எதற்கு என்று கிராமத்தவர் கேட்கின்றனர். இதனை வெறும் அறியாமையென ஒதுக்கிவிட முடியாது. வறிய குடியானவனின் வீட்டில் பிள்ளை என்பது உழைக்கும் இரு கைகளாகும். அநாதைச் சிறுமியான அல்தினாய், சின்னம்மாவின் அடுப்புக்காகப் பொறுக்கிய சாணத்தைப் பள்ளியின் குளிர்காலத் தேவைக்கென அங்கே கொட்டிவிட்டு, மீண்டும் பொறுக்கப் போகிறாள். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான முரண்பாடு ஒரு சாக்குச் சாணத்தில் உருப்பெறுகிறது. பின்னர் அதே சின்னம்மா அவளை ஒருவனுக்கு இரண்டாந் தாரமாகக் கொடுத்துவிடுவதும் இப்பொருளாதாரத்தின் நீட்சியேயன்றித் தனியொருத்தியின் கொடுமை மட்டுமன்று.

துய்ஷேனின் தொழில் அனுபவத்தை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். குளிர்ந்த ஓடையைக் கடக்கும்போது அவன் பிள்ளைகளை முதுகிலும் கைகளிலும் சுமக்கிறான். குதிரையேறி வரும் செல்வர் அதைக் கண்டு நகைக்கின்றனர். அல்தினாயை மீட்க முயன்று அடியுண்டு கையொடிகிறான். பின்னர் காவலருடன் சென்று அவளை மீட்டுத் தாஷ்கந்துக்குப் படிக்க அனுப்புகிறான். அவன் பெறும் மிகப் பெரிய பேறு அவளது உயர்வு. ஆனால் அவ்வுயர்வு அவனைவிட்டு அவள் பிரிவதாலேயே கிட்டுகிறது. தனது பழைய சமூக உறவுகளிலிருந்து மாணவி விடுவிக்கப்படுகிறாள். விடுவித்தவனோ அவ்வுறவுகளுக்குள்ளேயே நிற்கிறான். ஆசிரியத் தொழிலின் மனநிறைவும் மனக்கசப்பும் இவ்வாறு ஒரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன.

நூலின் வலிமை, பல ஆண்டுகளின் பின் நிகழும் புதிய பள்ளித் திறப்பு விழாவில் வெளிப்படுகிறது. கல்விமானாகிவிட்ட அல்தினாய் சிறப்பு விருந்தினர். முதியவனான துய்ஷேன் இப்பொழுது தபாற்காரன். வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எஞ்சிய கடிதங்களை விநியோகிக்க விரைந்துவிடுகிறான். எழுத்துக்களைக்கூடச் சரியாக அறியாத இவனா ஒருகாலத்தில் ஆசிரியன் என விருந்தினர் சிரிக்கின்றனர். சிரிப்பவர் எழுத்தறிவு பெற்றவர்கள். அவ்வெழுத்தறிவுக்கு அக்கிராமத்தில் அடியிட்டவனையே அதனை அளவுகோலாக்கி எள்ளுகின்றனர். வெட்கமுற்ற அல்தினாய் விழாவினின்றும் அகன்றுவிடுகிறாள்.

எனினும் நூலின் வரையறைகளையும் சுட்டாதிருத்தல் நேர்மையன்று. புதிய பள்ளிக்குத் துய்ஷேனின் பெயரை இடவேண்டுமென்பது அல்தினாய் காணும் தீர்வு. ஒரு சமூகத்தின் கடன் பெயர்ப்பலகையொன்றால் தீருமா என்ற வினா எழுப்பப்படவில்லை. ஐத்மாத்தவின் தந்தை 1937 இல் கைதாகி 1938 இல் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதை இன்று நாம் அறிவோம். துய்ஷேன் நம்பிய புதிய ஆட்சியே தன் ஊழியர்களை அழித்த அவ்வாண்டுகள் பற்றி இக்கதை பேசுவதில்லை. நூலைத் தழுவி அந்திரேய் கொன்ச்சலோவ்ஸ்கி 1965 இல் எடுத்த திரைப்படமோ துய்ஷேனை முரட்டுப் பிடிவாதமும் தவறுகளும் உடையவனாகக் காட்டி, இலட்சியப் படிமத்தை ஓரளவு உடைக்கிறது. ஆசிரியனைத் திருவுருவாக்குவதும் ஒருவகை மறதியே என்பதை அத்திரைப்படம் உணர்த்துகிறது.

ஈழத்துத் தமிழ் எழுத்தாளருட் கணிசமானோர் ஆசிரியர்கள். ஆதலால் இந்நூல் நமக்கு அந்நியமன்று. 1945 இன் இலவசக் கல்வித் திட்டம் பல கிராமங்களிலிருந்து ஒரு படித்த தலைமுறையை வெளியே அனுப்பியது. மலையகத்தில், தனியொருவரே எல்லா வகுப்புக்களையும் நடத்திய தோட்டப் பாடசாலைகள் இருந்தன. அவ்வாறு வெளியேறியவர்களுள் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து இலக்கியம் பேசும் நாமும் அடங்குவோம். நமக்கு அகரம் கற்பித்தவர்களைப் பற்றிய நமது எழுத்து, நன்றியுரையாக நின்றுவிடுகிறதா, அல்லது அவர்கள் எந்தச் சம்பளத்தில், எத்தகைய கட்டடத்தில், எவருடைய ஏளனத்துக்கிடையில் கற்பித்தனர் என்பதையும் ஆராய்கிறதா? துய்ஷேனைத் தியாகியென்று போற்றிவிட்டால் இவ்வினாவுக்கு விடை கூறவேண்டிய தேவை நீங்கிவிடுகிறது. அவனை உழைப்பாளியாகக் காணும்போதே அக்கடனின் அளவு நமக்குத் தெரியவரும்.