அறிவிப்பாளர் நாவும் தோட்டத்தார் செவியும்

வானொலி நிலையங்களுள் சிறந்தது யாது என வினவின், பாட்டு மிகுதியாக ஒலிப்பதே என்பர் பலர். நாம் அதற்கு உடன்படோம். திரைப்பாட்டு எந்நிலையத்தும் ஒன்றே. இரு பாட்டுக்கு இடையே நின்று பேசும் அறிவிப்பாளர் நாவன்றோ நிலையத்துக்கு நிலையம் வேறுபடுவது? ஆதலின் நாவைக் கொண்டே நிலையத்தை அளப்போம்.

நம் கணிப்பில் முதலிடம் இலங்கை வானொலிக்கே உரியது. கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு, 1950க்குப் பின் வர்த்தக சேவையின் வாயிலாகத் தமிழகத்து இல்லங்களிலும் புகுந்தது. அச்சேவையிற் பெரும்பெயர் பெற்றவர் எஸ். பி. மயில்வாகனன். அவர் வழி வந்தோருள் நம் உள்ளங்கவர்ந்தவர் பி. எச். அப்துல் ஹமீத். லகர, ளகர, ழகரங்கள் அவர் நாவில் ஒருபோதும் மயங்குவதில்லை. அவர் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' வெறும் விளையாட்டன்று. கொடுத்த எழுத்திலேயே பாட்டைத் தொடங்கவேண்டுமாதலால், குறில் நெடில் அறியாதாரும் அவற்றைச் செவிவழியே கற்றனர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாமும் பழம்பதிவுகளைக் கேட்டு நம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டோம் என்பதைச் சொல்ல வெட்கப்படோம்.

லண்டன் பி.பி.சி.யின் இயல்பு வேறு. 1941 மே 3ஆம் நாள் தொடங்கிய அதன் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவர் சோ. சிவபாதசுந்தரம். தம் விருப்பு வெறுப்பைக் குரலில் ஏற்றாது செய்தியைச் செய்தியாக உரைத்தல் அங்கே நாம் கண்ட சிறப்பு. நகைக்கும் நேரம் குறைவென்பதே நம் குறை. அவ்வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30உடன் நின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1946 ஏப்ரல் 1ஆம் நாள் மலாயா வானொலி எழுந்தது. இன்று மலேசியாவில் மின்னல் எஃப்எம், ராகா ஆகியனவும், சிங்கப்பூரில் ஒலி 96.8உம் தமிழ் வழங்குகின்றன. கொழும்பும் லண்டனும் எத்துணைச் சிறந்தனவாயினும் நம் ஊர் வெள்ளத்தையும் நம் சம்பளச் சட்டத்தையும் நாள்தோறும் நமக்கு உரைக்க மாட்டா. அக்கடமை நம் நிலையங்களுக்கே உரியது. ஆயின், இந்நாட்டு அறிவிப்பாளர் சிலர், ஒரு வாக்கியத்தில் எழுவாய் மட்டும் தமிழாகவும் ஏனைய ஆங்கிலமாகவும் பேசி, அதனை நாகரிகம் எனக் கருதுகின்றனர். "தோட்டத்தாருக்குச் செந்தமிழ் விளங்காது, ஆகவே கலக்கிறோம்" என்பார் உளர். அம்மொழியில் ஆங்கிலம் விளங்காதென்பதை மட்டும் அவர் மறந்தனர் போலும்!

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தையும் ஒப்புவோம். அண்மையில் தோட்டத்துப் பிரட்டில், கிராணியாகிய நாம் சேமநிதி பற்றிய அறிவிப்பொன்றை வாசித்தோம். அரைகுறைத் தமிழில், பாதி ஆங்கிலமாக வாசித்து முடித்தபோது ஒரு மூதாட்டி எழுந்து, "கிராணியாரே, படிச்சதெல்லாம் சரி. எங்களுக்கு எப்பச் சொல்லப்போறீங்க?" என்றார். சிரித்தவர் எவருமிலர். தாளை மடித்துவிட்டு, அனைத்தையும் தமிழிலே முதலிலிருந்து சொன்னோம். இருமடங்கு நேரமாயிற்று. அம்மூதாட்டியோ, தம் பெயரில் எவ்வளவு பணம் இருக்கிறதென்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

எழுத்தறியாத முதியோர்க்கு வானொலியே நாளேடு. அவர்க்கு விளங்காத சொல் அழகற்ற சொல் மட்டுமன்று; அவர் உரிமையை மறைக்கும் திரையுமாம். ஒலிவாங்கியின் முன் அமர்வோர் அம்மூதாட்டி எதிரே இருப்பதாக எண்ணிப் பேசுவாராக. கேட்கும் நாமும், விளங்காதபோது அவரைப்போல எழுந்து வினவுவோமாக. நிலையங்களுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த அன்பர்கள், எழுதத் தெரியாத அண்டை வீட்டார்க்காகவும் எழுதக் கடமைப்பட்டவர்கள்.