வேலிக்குள் ஒரு வசந்தம்

பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற புல்தரை. அதன் ஓரமாய் நெளிந்து செல்லும் ஓடை. ஓடையின் மேல் கல்லால் கட்டிய சிறு பாலம். பின்னே, வெண்மையும் செம்மையுமாய்க் குலுங்கும் அசேலியா மலர்கள். அவற்றுக்கும் அப்பால் வானை அளாவி நிற்கும் பைன் மரங்கள். கண் குளிர்கிறது, கருத்து மயங்குகிறது! அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நகரிலே உள்ள கோல்ஃப் திடலைக் காட்டும் படம் இது. நாட்காட்டிகளிலும், வழவழப்பான படத்தொகுப்பு ஏடுகளிலும், பயண விளம்பரங்களிலும் இத்தகைய படங்கள் மலிந்து கிடக்கின்றன.

எழில்தான்; மறுப்பார் யார்? ஆனால், தோழர்களே, அந்தப் படத்தை இன்னுமொரு முறை பாருங்கள். மரம் இருக்கிறது, மலர் இருக்கிறது, நீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது. மனிதன் எங்கே?

இந்தக் கலைக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. உச்சிவெயிலில் எடுத்தால் திடல் தட்டையாகத் தெரியும். மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். ஆகவே, காமிராக்காரர் கதிரவன் எழும் வேளைக்கும் சாயும் வேளைக்கும் காத்திருக்கிறார். சாய்ந்துவரும் ஒளி, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழலைத் தருகிறது. நிலம் உயிர் பெறுகிறது. ஏணிமீது ஏறி எடுத்தவர்கள், இன்று ஆளில்லாச் சிறு வானூர்தியைப் பறக்கவிட்டு எடுக்கிறார்கள். பனித்துளி படிந்த புல்லிலே காலடி பட்டால் படம் கெட்டது. மணற்குழியிலே ஒரு சுவடு தெரிந்தால் எழில் போயிற்று! இவ்வளவு பொறுமையும் திறமையும் வேண்டும் இந்தத் தொழிலுக்கு. அந்தத் திறமையை நாம் பழிக்கவில்லை. அந்த இலக்கணத்தின் முதல் விதியைத்தான் கேள்வி கேட்கிறோம். ஆள் தெரியக்கூடாது என்பதே அந்த விதி.

இத்தகைய படங்கள் பலவற்றில், புல்தரை வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாய்ப் பட்டை பட்டையாகத் தெரியும். அது இயற்கை வரைந்த கோலமன்று. புல்வெட்டும் பொறியை ஒருமுறை இப்படியும் மறுமுறை எதிர்ப்பக்கமாகவும் ஓட்டுவதால், புல் சாயும் திசை மாறி, ஒளி வேறுவேறாகப் படுகிறது. விடியுமுன் எழுந்து வேலை செய்த ஒரு பாட்டாளியின் கையெழுத்து அது. கையெழுத்து படத்தில் இருக்கிறது. கை மட்டும் இல்லை!

அகஸ்டாவுக்கே திரும்புவோம். அந்த நிலம் முன்பு ஒரு நாற்றங்கால் பண்ணை. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதை நடத்தியது. அதை வாங்கித் திடலாக்கினர் பாபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரும் அவருடைய கூட்டாளிகளும். 1933இல் திறந்தார்கள், 1934இல் மாஸ்டர்ஸ் எனும் பெரும்போட்டி அங்கே தொடங்கிற்று. அதே 1934ஆம் ஆண்டில்தான், அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் சங்கம், வெள்ளை இனத்தவரே உறுப்பினராகலாம் என்று விதி எழுதி வைத்தது. அந்த விதி நீங்கியது 1961இல்! விதி நீங்கியபின்னும் கதவு உடனே திறந்ததா? சார்லி சிஃபர்டு என்ற கறுப்பின வீரர் 1967இலும் 1969இலும் பெரிய போட்டிகளை வென்றார். அகஸ்டாவிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை. கறுப்பினத்தார் ஒருவர், லீ எல்டர், அந்தப் போட்டியில் ஆட முடிந்தது 1975இல்தான்.

அப்படியானால், அதுவரை அந்தப் புல்தரையில் கறுப்பின மக்களின் கால் படவே இல்லையா? பட்டது, தோழர்களே, நாள்தோறும் பட்டது! ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து, அவர் பின்னாலேயே நடக்கும் ஆட்களைக் கேடி என்பார்கள். 1982 வரை, மாஸ்டர்ஸ் போட்டியில் திடல் அமர்த்தித் தந்த கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். திடலின் ஒவ்வொரு சரிவையும் தம் உள்ளங்கை ரேகைபோல் அறிந்தவர்கள். சுமக்க வரலாம், ஆட வரக்கூடாது. முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990இல். பெண்களுக்கு இடம் கிடைத்தது 2012இல். மலரின் நிறத்தை ரசித்தவர்கள் மனிதனின் நிறத்தைக் கண்டு முகம் சுளித்தார்கள்!

தனியார் திடல் மட்டுமா? அதே ஜார்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவில், பாபி ஜோன்ஸ் பெயரையே தாங்கிய நகராட்சித் திடலில், 1951இல் ஹோம்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய மக்களும் ஆட இடங்கேட்டார்கள். கறுப்பினத்தார் என்பதால் மறுக்கப்பட்டது. வரிப்பணத்தில் வளர்ந்த புல், வரி கொடுத்தவன் காலுக்கு ஆகாதாம்! வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1955இல் நீதி கிடைத்தது.

அகஸ்டாவில் படத்திலிருந்து மறைந்தது ஆள் என்றால், வட மாநிலமான ஒஹாயோவில் மறைந்தது ஒரு மக்களின் வரலாறு. அங்கே நியூவார்க் நகரில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு, அந்நாட்டின் தொல்குடி மக்கள் கூடை கூடையாய் மண் சுமந்து, ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பை வளைத்து எண்கோண வடிவில் மண்மேடுகள் எழுப்பினார்கள். 18.6 ஆண்டுக்கு ஒருமுறை, நிலா வடகோடியில் எழும் திசையை நோக்கி அதை அமைத்தார்கள் என்றால், அவர்களின் வானறிவை என்னென்பது! அந்த அறிவுச் சின்னத்தின் மீது, 1910இல் குத்தகை பெற்று, கோல்ஃப் திடல் போட்டார்கள். முன்னோர் எழுப்பிய மேடு, பந்து தாண்டவேண்டிய தடையாயிற்று! ஆட்டம் நடவாத நாலே நாலு நாள்தான் ஆண்டில் பொதுமக்கள் முழுவதும் சுற்றிப்பார்க்க முடிந்தது. 2022இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2025 சனவரி முதல் நாள் வாயில் எல்லோருக்கும் திறந்தது.

ஆடுவோர் இருந்த நாளில் அங்கே எடுத்த படத்தை எண்ணிப் பாருங்கள். அதே மாலை ஒளி. அதே நீண்ட நிழல். அழகாய் வளைந்து செல்லும் மேடு. காண்பவன் என்ன எண்ணுவான்? திடல் அமைத்தவனின் கைத்திறம் என்றுதானே! படம் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய்க்கு இடம் விட்டுவிட்டது.

"அழகைக் கண்டு மகிழ விடமாட்டீர்களா? மலரிலுமா அரசியல்?" என்று கேட்பார்கள் கலை கலைக்காகவே என்போர். மலரில் அரசியல் இல்லை, நண்பர்களே. மலரைச் சுற்றிப் போட்ட வேலியில் இருக்கிறது. அகஸ்டாவில் இன்றும் போட்டி நாள்களில் பார்வையாளர் காமிரா கொண்டுசெல்ல முடியாது. பயிற்சி நாள்களில் மட்டுமே அதற்கு இசைவு. ஆக, எதைப் பார்ப்பது என்பதை மட்டுமல்ல, எப்போது படம் எடுப்பது என்பதையும் வேலிக்குச் சொந்தக்காரனே முடிவு செய்கிறான்!

வேலியையும் சேர்த்து எடுக்கும் கலைஞன் இல்லையா? இருந்தான். கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர், 1956இல் லைஃப் ஏட்டின் பணியாக அலபாமா மாநிலம் சென்று எடுத்த வண்ணப் படங்களில் ஒன்றைப் பாருங்கள். வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமேயான விளையாட்டிடம். அதைச் சுற்றிக் கம்பிவேலி. வேலிக்கு இப்பால் கறுப்பினக் குழந்தைகள், நமக்கு முதுகு காட்டியபடி, உள்ளே பார்த்து நிற்கிறார்கள். அங்கும் வண்ணம் உண்டு, ஒளி உண்டு, அமைப்பின் நேர்த்தி உண்டு. கூடவே உண்மையும் உண்டு! அந்தப் பிஞ்சுகளின் முகம் தெரியவில்லை. ஆனால் நம் முகத்தை நாமே பார்த்துக்கொள்கிறோம். அழகும் உண்மையும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, இளைஞர்களே, அழகிய நிலத்தின் படத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். களிப்போடு பாருங்கள், பார்த்தபின் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் புல்லை வெட்டியவர் யார்? இந்த வாயிலில் தடுக்கப்பட்டவர் யார்? இந்த மண்ணில் முன்பு வாழ்ந்தவர் யார்? விடை தரும் படம் கலை. விடையை மறைக்கும் படம், எத்துணை எழிலாயினும், வேலிக்குச் சொந்தக்காரன் மாட்டிவைத்த திரைச்சீலை!