நீரேந்து பிரதேசமும் லயமும்: கூட்டாய்வுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஓரத்தே உள்ள கலஹாச் சந்தியிலிருந்து மேலேறும் பாதை ஹிந்தகல, நில்அம்பே ஆகிய ஊர்களைக் கடந்து கலஹாவைச் சென்றடைகின்றது. அதற்கப்பால் உள்ளது லூல்கந்துர. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட தோட்டம் அது. இம்மலைச் சரிவுகளின் நீர் எத்திசையில் இறங்கினும் ஈற்றில் மகாவலியையே சேர்கின்றது. மகாவலியோ பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி ஓடுகின்றது. ஆய்வாளரும் அவர்தம் ஆய்வுப் பொருளும் ஒரே நீரேந்து பிரதேசத்தினுள் அடங்கிவிடும் இந்நிலைமை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் வாய்ப்பதன்று.

ஆயினும், மேல் மகாவலியின் நீர் பற்றியும் மண் பற்றியும் பல பத்தாண்டுகளாகத் திரண்டுவரும் ஆய்வுகளில் ‘கூட்டு’ என்ற சொல் யாரைக் குறிக்கின்றது என்னும் வினா போதியளவு எழுப்பப்படவில்லை. பல்கலைக்கழகத் துறைகளின் கூட்டு உண்டு. திணைக்களங்களின் கூட்டு உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் கூட்டும் உண்டு. அச்சரிவிலே வாழ்ந்து, அதன் நீரைக் குடித்து, அதன் மண்ணைக் கொத்தும் தொழிலாளர் இக்கூட்டில் எவ்விடத்தைப் பெறுகின்றனர்? இலக்கிய விமர்சனத் துறையினர் இவ்வினாவை எழுப்புவது வரம்பு மீறிய செயலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால் ஆய்வறிக்கையும் ஓர் எழுத்தே. அதற்கும் கூற்று முறை உண்டு, பாத்திரங்கள் உண்டு, யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியும் உண்டு.

வரலாற்றிலிருந்தே தொடங்குதல் பொருந்தும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம் கண்டி மலைநாட்டின் காடுகளையும் சேனைகளையும் அரசுடைமையாகக் கொள்ள வழிசெய்தது. அவை கோப்பித் துரைமாருக்குக் கைமாறின. மலையுச்சி வரை காடு அழிக்கப்பட்டது. 1869 இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்தியபோது, அதே வெறுமையான சரிவுகளில் தேயிலை ஏறியது. கியூபாவின் ஸ்பானிய தோட்ட முதலாளிகள் மலைச்சரிவுக் காடுகளை எரித்து, அச்சாம்பலைக் கொண்டு ஒரு தலைமுறைக் கோப்பிக்கு உரம் தேடியதையும், பின்னர் பெருமழை மேல்மண்ணைக் கழுவிச் சென்று வெறும் பாறையை விட்டுவைத்ததையும் ஏங்கெல்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார். அவர் கண்டியைப் பார்த்து அதனை எழுதவில்லை. எனினும் கண்டிக்கு அது அப்படியே பொருந்துகின்றது. முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியையும் மண்ணையும் ஒருங்கே உறிஞ்சுகின்றது என்று ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் கூறுவதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. மண்ணின் சீரழிவும் உழைப்பாளியின் சீரழிவும் ஒரே இயக்கத்தின் இரு விளைவுகள் என்பதே அவரது கூற்றின் சாரம். நமது ஆய்வுகள் முதலாவதை அளக்கின்றன. இரண்டாவது வேறொரு துறையின் விடயமாக ஒதுக்கப்படுகின்றது.

இச்சரிவுகள் நெடுங்காலமாகத் ‘தோட்டம்’ என்றே அழைக்கப்பட்டன. 1947 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் பின்னர் 1951 இல் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976 இல் பொல்கொல்லை அணைக்கட்டும் 1985 இல் கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களும் இயங்கத் தொடங்கிய பின்னரே ‘நீரேந்து பிரதேசம்’ என்னும் பெயர் நிருவாக மொழியில் நிலைபெற்றது. வண்டல் நீர்த்தேக்கத்தை நிரப்பினால் மின்சாரமும் வடமத்திய சமவெளியின் பாசனமும் பாதிக்கப்படும் என்ற அச்சம் எழுந்தபோது, ஜேர்மன், பிரித்தானிய உதவியுடனான திட்டங்கள் மலைக்கு வந்தன. ஒரு நிலப்பரப்பின் பெயர் மாறும்போது அதன்பால் அதிகாரத்துக்குள்ள தேவையும் மாறியுள்ளது என்று கொள்ளலாம். நூறாண்டுக்கு மேலாக மண் கழுவுண்டபோது எழாத அக்கறை, அம்மண் கீழே போய்த் தேங்கியபோது எழுந்தது.

அறிக்கைகளின் மொழியைச் சற்று உற்றுநோக்குவோம். ‘மண் அரிக்கப்படுகின்றது’, ‘நீர் மாசுபடுத்தப்படுகின்றது’ என்ற செயப்பாட்டு வினைகளே இவற்றில் மிகுந்துள்ளன. எழுவாய் மறைந்துவிடுகின்றது. எத்தனை கிலோ யூரியா, எந்த மாதத்தில், மழைக்கு முன்னா பின்னா என்பதைத் தீர்மானிப்பது தோட்ட நிருவாகம்; அதனைத் தூவுவது தொழிலாளியின் கை. செயப்பாட்டு வினையில் இருவரும் மறைந்தாலும் பின்னர் அட்டவணையில் வெளிப்படுபவர் ஒருவரே: ‘லயக் குடியிருப்புகள், முறையான மலசலகூடமின்மை, மலக்கிருமிகள்’. தொழிலாளர் முதன்முதலாக எழுத்தினுள் நுழைவது மாசின் தோற்றுவாயாகவே.

கிருமிகள் கற்பனையல்ல. 2007 இல் கம்பளையில் பரவிய ஈரல் அழற்சி நோய், ஆற்றுநீரில் கலக்கும் கழிவு எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதை உணர்த்தியது. ஆயினும் லயமும் அதன் மலசலகூடமும் தொழிலாளியின் உடைமையல்ல. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியில் சேவை வழங்குவதற்குத் தடையாக நின்றது. 2018 இல் தான் அது திருத்தப்பட்டது. அதாவது முப்பதாண்டுகளுக்கு மேலாக, வாக்களித்துத் தெரிவுசெய்த சபையிடம் ஒரு குழாயையோ குப்பை வண்டியையோ கேட்கும் உரிமை தோட்டத் தொழிலாளருக்கு நடைமுறையில் இருக்கவில்லை. இச்சட்டப் பிரிவைப் பற்றிய ஒரு வரி இல்லாமல் லயத்தின் கழிவுநீர் பற்றி எழுதப்படும் ஆய்வு, பெறுபேறு சரியாயிருந்தபோதிலும், காரணத்தைக் கூறவில்லை என்பதே எமது கருத்து.

நகரத்தைப் பற்றிய எழுத்துடன் இதனை ஒப்பிடுதல் பயனுடையது. 1999 இல் கண்டி வாவியில் நீலப்பச்சைப் பாசி பெருகியது. வாவியின் மிகைநீரையும் நகரத்தின் கழிவையும் சுமந்து மெத எல கெட்டம்பையருகே மகாவலியில் விழுகின்றது. கொஹாகொடையில் நகரத்தின் குப்பைமேடு ஆற்றங்கரையிலேயே எழுந்தது. இவையெல்லாம் ‘முகாமைத்துவக் குறைபாடுகள்’, ‘உட்கட்டமைப்புப் போதாமை’ என்றே பெரும்பாலும் வருணிக்கப்படுகின்றன. லயத்துக்கு வந்ததும் சொல் மாறிப் ‘பழக்கவழக்கம்’, ‘விழிப்புணர்வின்மை’ என்றாகிவிடுகின்றது. நகரத்துக்குக் குறைபாடு, லயத்துக்குக் குணம்! மாதிரி நீர் எடுக்கும் இடங்களும் இதே பார்வையைக் காட்டுகின்றன. நகருக்கு நீர் எடுக்கும் இடம், நீர்த்தேக்கம், பாலத்தடி ஆகியவை விரும்பப்படுகின்றன. உரமிட்ட மலைக்கு நேர் கீழே உள்ள பீலியில் முதலில் குடம் நிரப்புபவள் கொழுந்து பறிக்கும் பெண். அந்நீரின் முதல் நுகர்வோர் அவளே. கீழே வாழ்வோருக்கு மாசைத் தருபவளாக எண்ணப்படுபவள், மேலேயிருந்து வரும் மாசை ஏற்பவளாக எண்ணப்படுவதில்லை.

கூட்டாய்வினுள் நிலவும் வேலைப் பிரிவினையையும் நோக்குதல் வேண்டும். வினா, நிதி வழங்கும் இடத்தில் உருவாகின்றது. போத்தலில் நீர் நிரப்புவது தற்காலிக உதவியாளரின் பணி. பெறுபேறு ஆங்கிலச் சஞ்சிகைக்குப் போகின்றது. சிங்களத்தில் ஒரு சுருக்கம் சிலவேளை வெளிவருகின்றது; தமிழில் வருவது அரிது. மூலப்பொருள் மலையில், பெறுமதி சேர்வது வேறிடத்தில் என்னும் இவ்வமைப்பு எமக்குப் பழக்கமானதே. தேயிலையும் இவ்வழியாகத்தான் சென்றது. மீவத்துரவில் சீன உதவியுடன் அமைக்கப்பட்ட நீர்த் தொழில்நுட்பக் கூட்டாய்வு நிலையம் போன்றவை பகுப்பாய்வு வசதியை மகாவலிக் கரைக்கே கொண்டுவந்துள்ளமை வரவேற்கத்தக்கது. ஆனால் எதனை அளப்பது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

(இடையில் ஒன்று. இத்திட்டங்களின் தமிழ் ஆவணங்களில் துரையும் தொழிலாளியும் ஒருசேரப் ‘பங்குதாரர்’ எனப்படுகின்றனர். தமிழில் பங்குதாரர் என்றால் கம்பனியில் பங்கு வைத்திருப்பவர். நாட்கூலி பெறும் ஒருவரை அப்பெயரால் அழைத்த மொழிபெயர்ப்பாளர் அறியாமற் செய்தாரா, அங்கதமாகச் செய்தாரா என்பது ஆய்வுக்குரியது.)

வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோயைப் பற்றிய நீண்ட விவாதம் இவ்வகையில் படிப்பினை தருவது. கட்மியம், ஆசனிக்கு, புளோரைட்டு, நீரின் வன்மை, களைநாசினி, வெயிலில் உழைப்போரின் உடல்நீரிழப்பு எனக் கருதுகோள்கள் பெருகின. மலைநாட்டு உரம் மகாவலி வழியே கீழே சென்றது என்பதும் அவற்றுள் ஒன்று. 2015 இல் கிளைபொசேற்று தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை நீக்கப்பட்டது. தடைக்குச் சமவெளி விவசாயியின் சிறுநீரகமும், நீக்கத்துக்குத் தோட்டக் கம்பனிகளின் செலவும் காரணங்களாகக் காட்டப்பட்டன. முதுகில் தாங்கியைச் சுமந்து மருந்தடித்த தோட்டத் தொழிலாளியின் உடல் இவ்வாதங்களின் மையத்துக்கு வரவேயில்லை.

ஆய்வு நிருவாகம் தவறும்போது விளைவது யாதென்பதற்குச் சுன்னாகம் சான்று. அனல்மின் நிலையச் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயத்தில், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பெறுபேறும் வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவும் ஒன்றுக்கொன்று முரணாயின. எதனை நம்பிக் கிணற்றில் வாளியை விடுவது என்று குடும்பங்கள் திகைத்தன. 2019 இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தபோதே வழக்கு ஒரு முடிவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்கு உடைமையாளர் உண்டு. அவர் வழக்காடும் வசதி பெற்றவர். பீலிக்கு உடைமையாளர் தோட்டமே. அங்கு முரணான இரு அறிக்கைகள் வந்தால் வழக்காடப்போவது யார்?

நமது இலக்கியத்தின் பக்கமும் சற்றுத் திரும்புவோம். மலையகத்தைப் பற்றி எழுதியோருள் இருவர் மருத்துவர் என்பது தற்செயலானதாயினும் பொருளுடையது. ‘மலைக்கொழுந்து’ எழுதிய நந்தி சமுதாய மருத்துவப் பேராசிரியர். ‘குருதிமலை’ எழுதிய தி. ஞானசேகரன் தோட்ட மருத்துவராகப் பணியாற்றியவர். நோயாளியையும் பாத்திரத்தையும் ஒருவரே கண்ட இந்நிலையைப் பயன்படுத்தி, தோட்ட மக்களின் உடல்நலத்தை வர்க்க உறவுடன் இணைத்து நோக்கும் விமர்சனம் வளர்ந்திருக்கலாம். வளரவில்லை. முற்போக்கு விமர்சகர்களாகிய நாம் கூலியையும் குடியுரிமையையும் காணிப் பறிப்பையும் சரியாகவே முதன்மைப்படுத்தினோம்; ஆனால் நீரை வருணனைக்குரிய பின்னணியாகவே வாசித்தோம். அருவி வந்தால் இயற்கை வருணனை, பீலியடி வந்தால் காதல் அல்லது சண்டை. பீலியடியில் நிற்கும் வரிசையும் உற்பத்தியுறவின் வடிவமே என்று எழுதியோர் சிலரே.

இதற்கு எதிர்நிலையில் ஒரு மயக்கமும் உண்டு. மக்கள் அறிவே போதும், ஆய்வுகூடம் அந்நியம் என்பது அது. நைத்திரேற்றைக் கண்ணாற் காணமுடியாது. தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். ஆயினும் உரம் எந்த மலைக்கு என்று போடப்பட்டது, எந்தக் கான் எந்த மழையில் உடைந்தது, எந்த மாதத்தில் பீலிநீர் கலங்குகின்றது என்பன கருவிக்குத் தெரியாது. கான் வெட்டும் ஆணுக்கும் குடம் சுமக்கும் பெண்ணுக்கும் தெரியும். தோட்டப் பிரிவைத் தொழிலாளர் ‘கணக்கு’ என்றே அழைப்பர்: மேல்கணக்கு, பணியகணக்கு. அக்கணக்குகளில் நீரின் கணக்கையும் அவர்களே வைக்கும் ஏற்பாட்டைக் கூட்டாய்வின் முதற் படியாகக் கொள்ளலாம். மாதிரி எடுக்கும் இடங்களைத் தெரிவுசெய்யும் கூட்டம் லயத்தில் நடைபெற வேண்டும். பதிவேட்டின் ஒரு பிரதி அங்கேயே இருக்க வேண்டும். நிதி ஒப்பந்தத்திலேயே தமிழ், சிங்கள அறிக்கைகளுக்கான பணம் ஒதுக்கப்பட வேண்டும். மாதிரி சேகரிப்போருக்கு நாட்சம்பளமும் வெளியீட்டில் பெயரும் உரியன.

இவற்றுள் மிகக் கடினமானது இன்னொன்று. தோட்டத்தினுள் நுழைய நிருவாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியைப் பெறும் ஆய்வாளர் பெறுபேற்றை முதலில் நிருவாகத்திடமே காட்டும் மரியாதைக்கு உட்படுகின்றார். லூல்கந்துர உட்படக் கண்டி மாவட்டத்தின் கணிசமான தோட்டங்கள் 1992 இன் பின்னரும் தனியார் கம்பனிகளிடம் போகாமல் அரச முகாமையிலேயே எஞ்சின. அரச நிதியில் இயங்கும் பல்கலைக்கழகம், அரச தோட்டத்தின் பீலிநீர் பற்றிய பெறுபேற்றை அந்நீரைக் குடிப்போரிடம் முதலில் கொடுப்பதற்கு எந்தச் சட்டம் தடையாக உள்ளது? அடுத்த ஒப்பந்தம் எழுதப்படுமுன் துறைத்தலைவர்கள் பதில் கூற வேண்டிய வினா இது.