ஆழ்கடல் ஆக்டோபஸை அறியும் மூன்று மரபுகள்

நம் கடற்கரை மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸின் ஆழ்கடல் உறவு டம்போ ஆக்டோபஸ். உடலின் இருபுறமும் காதுகளைப்போல் நிற்கும் துடுப்புகளை அசைத்து, கும்மிருட்டில் கடல்தரையை ஒட்டி நீந்தும். மையைப் பீய்ச்சித் தப்ப வேண்டிய வெளிச்சம் அங்கே இல்லை. மைப்பையும் இதற்கு இல்லை. இரையை முழுதாக விழுங்கிவிடும். இந்தியப் பெருங்கடலின் ஜாவா அகழியில் 6,957 மீட்டர் ஆழத்தில் ஒன்று படமாகியதை 2020இல் அறிவித்தார்கள்.

இந்த உயிர்களை அறிய மூன்று மரபுகள் உண்டு.

மூத்தது வலை மரபு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல் நம் கடல்களில் ஆழ இழுவலை போட்டது. கல்கத்தா அருங்காட்சியகத்தில் சேர்ந்த கணவாய், ஆக்டோபஸ் வகைகளை ஆராய்ந்து 1896இல் குட்ரிச் அறிக்கை எழுதினார். பெயரிட்ட உடலை எவரும் மறுபடி சோதிக்கலாம் என்பதே இம்மரபின் பலம். ஆனால் கூழான உடல் வலையில் கிழியும், சாராயத்தில் சுருங்கும். அது வாழ்ந்த விதம் தெரியவே தெரியாது.

அதைக் காட்டியது கேமரா மரபு. கலிபோர்னியாவின் மான்டெரே ஆழ்பள்ளத்தில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், ஒரு தாய் ஆக்டோபஸ் 53 மாதம் முட்டைகளைக் காத்ததை புரூஸ் ராபிசன் குழு 2007 முதல் 2011 வரை திரும்பத் திரும்பச் சென்று பதிந்தது. உடலிலிருந்த தழும்புகளை வைத்தே அதே தாய்தான் என்று உறுதிசெய்தார்கள். அந்தப் பொறுமைதான் இம்மரபின் அளவுகோல். ஆயினும் படத்தை மட்டும் வைத்து இனத்தைத் தீர்மானிப்பது பலநேரம் இயலாது.

இளையது ஊடுகதிர் மரபு. பசிபிக்கில் கிடைத்த ஒரு டம்போவின் உள்ளுறுப்புகளை உடலை அறுக்காமலே ஸ்கேன் செய்து, மரபணுவையும் சேர்த்து, 2021இல் புதிய இனமாக விவரித்தார்கள்.

உடலும் வாழ்வும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கும்போதுதான் ஓர் உயிரை அறிந்தோம் என்று சொல்ல முடியும். சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச்செல்ல 'மத்ஸ்யா 6000' கலத்தை உருவாக்குகிறது. 2025 தொடக்கத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்த இடம், திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகம். அக்கலம் எடுத்துவரும் படங்களைக் கல்கத்தாச் சேகரிப்போடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும் விலங்கியலாளர்கள் வேண்டும். கலம் கட்டுவதில் காட்டும் அக்கறையை அவர்களை உருவாக்குவதிலும் காட்டவேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் படிப்பைத் தேடிப் போகட்டும்.